புள்ளியின் இன்மை: மதுரை வட்டாரக் கல்வெட்டுகளையும் ஏடுகளையும் முன்வைத்து ஓர் ஆய்வு

தோற்றுவாய்

எழுத்தின் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் எழுத்துருவங்களின் தோற்றத்தையும் திரிபையுமே நோக்குவர். அவ்வுருவங்களின் தலைமேலும் பக்கத்திலும் நிற்கும் சிறு குறிகள் அத்துணைக் கவனம் பெறுவதில்லை. ஆயினும், ஒரு மொழியை எழுதியவர் யார், எழுதியதைப் படித்தவர் யார், அவ்விருவர்க்கும் இடையே பொதுவாக இருந்த அறிவு எத்துணை என்பனவற்றை உணர்த்துவதில் சிறு குறிகளே பெருஞ்சான்றாக நிற்கின்றன. தமிழில் அத்தகைய சிறு குறி புள்ளி.

புள்ளியைத் தொல்காப்பியம் விதிக்கின்றது. மதுரையைச் சூழ்ந்த குன்றுகளிலுள்ள மிகப் பழைய கல்வெட்டுகளில் அது காணப்படவில்லை. இவ்விரண்டு செய்திகளையும் அடுத்தடுத்து வைத்து, இருவேறு முடிபுகளுக்கு அறிஞர் வந்துள்ளனர். ஒரு சாரார், புள்ளியை அறியாத கல்வெட்டுகளுக்குப் பின்னரே அதனை விதித்த நூல் தோன்றியிருத்தல் வேண்டும் என்பர். மற்றொரு சாரார், கல்லில் எழுதுவோர் புள்ளியைச் சோர்வினால் விட்டனர். பிற்காலத்தும் அவ்வாறே விட்டனர். ஆதலின் அதன் இன்மை எதனையும் காட்டாது என்பர். இவ்விரு சாராரும் புள்ளியின் இன்மையை எக்காலத்தும் ஒரே தன்மையதாகக் கொண்டமையே இவ்வழக்குத் தீராமைக்குக் காரணம் என யாம் கருதுகின்றோம். இன்மை ஒன்றன்று, மூன்று. அம்மூன்றனையும் பிரித்துக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒப்புநோக்கிற்காக ஆங்கில எழுத்திலுள்ள அப்பாஸ்ட்ரபி என்னும் குறியின் வரலாற்றையும் இறுதியில் எடுத்துக்கொள்வாம்.

இலக்கணம் கூறும் புள்ளி

தொல்காப்பிய எழுத்ததிகாரம் புள்ளியை ஓரிடத்திற்கு மட்டும் உரியதாகக் கூறவில்லை. மெய்யெழுத்தின் இயல்பு புள்ளியொடு நிற்றல் என்பது முதல் விதி. எகரமும் ஒகரமும் அவ்வாறே புள்ளி பெறும் என்பது அதனை அடுத்த விதி. மகரக்குறுக்கம் உள்ளே புள்ளி பெறும் என்றும், குற்றியலுகரமும் மெய்யீறு போலப் புள்ளியொடு நிற்கும் என்றும் வேறிடங்களில் கூறப்படுகின்றது. ஆய்தத்தை முப்பாற்புள்ளி எனவும் அந்நூல் வழங்குகின்றது. மெய்யீற்றுச் சொற்களின் புணர்ச்சியைக் கூறும் இயலுக்குப் புள்ளி மயங்கியல் என்றே பெயர் அமைந்துள்ளது. புள்ளி என்னும் குறியின் பெயர், அக்குறியைப் பெற்ற எழுத்துக்கே பெயராயிற்று.

இவ்விதிகளைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் ஒற்றுமை புலப்படும். மெய் என்பது உயிர் நீங்கிய ஒலி. எகர ஒகரங்கள் நெடிலினின்று அளவு குறைந்த ஒலிகள். குற்றியலுகரம் ஒரு மாத்திரையினின்று குறைந்த உகரம். மகரக்குறுக்கம் தன் அரை மாத்திரையினும் குறைந்த மகரம். எனவே, இவ்விடங்கள் எல்லாவற்றினும் புள்ளி என்பது குறைவின் குறியாகவே நிற்கின்றது. வரிவடிவம் இயல்பாகக் காட்டும் ஒலியினும் ஈண்டு ஒலிக்கப்படுவது சிறிது என்பதே அதன் பொருள்.

குறில்களாகிய எகர ஒகரங்கள் புள்ளி பெற்று, நெடில்கள் புள்ளியின்றி நின்றமைக்கும் ஒரு காரணம் உண்டு. அசோகன் கல்வெட்டுகளின் பிராமி எழுத்து பிராகிருத மொழிக்கு அமைந்தது. அதில் ஏகார ஓகாரங்களுக்கே வடிவம் இருந்தது; குறில்களுக்குத் தனிவடிவம் இல்லை. தமிழர்க்கு இரண்டும் வேண்டியிருந்தன. ஏற்கெனவே நெடிலுக்கு உரியதாயிருந்த வடிவத்தை அவ்வாறே நிறுத்தி, குறிலைக் குறைவின் குறியாகிய புள்ளியால் காட்டினர். விதியின் அமைப்பிலேயே எழுத்தின் முந்தைய வரலாறு பதிந்து கிடக்கின்றது.

குற்றியலுகரப் புள்ளி இன்று வழக்கில் இல்லை. ஆயினும் அதன் பயனை உணர்தல் எளிது. காது என்னும் சொல் செவியைக் குறிக்கும்போது ஈற்றுகரம் குறுகும். கொல் என்னும் பொருளில் ஏவலாக வரும்போது அவ்வுகரம் முற்றியலுகரம் எனப்படும். எழுத்து ஒன்றே, ஒலி வேறு, பொருளும் வேறு. இவ்வேற்றுமையைக் காட்ட விதி இடங்கொடுத்தது. மலையாள எழுத்தில் இன்றும் பிறைவடிவக் குறி ஒன்றே மெய்யையும் குறுகிய உகரத்தையும் காட்டி நிற்றல் ஈண்டு ஒப்பிடத்தக்கது.

குன்றுகள் காட்டும் மூன்று முறைகள்

மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் ஆங்காங்கே எழுந்து நிற்கும் குன்றுகள் தமிழ் எழுத்து வரலாற்றின் தலைசிறந்த ஆவணக் களரி எனத் தகும். மாங்குளம், ஆனைமலை, அழகர்மலை, திருப்பரங்குன்றம், கீழவளவு, கருங்காலக்குடி, அரிட்டாபட்டி, கொங்கர்புளியங்குளம், விக்கிரமங்கலம், மேட்டுப்பட்டி முதலிய இடங்களில் துறவியர் தங்கிய குகைத்தளங்களில் பிராமி எழுத்துப் பொறிப்புகள் உள்ளன. மாங்குளத்துக் கல்வெட்டினை இராபர்ட்டு சீவல் 1882இல் குறித்தார். இவற்றின் மொழி தமிழே என 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் நிறுவினார். அதற்கு முன்னர் இவற்றைப் படிப்பதில் ஏற்பட்ட இடர்ப்பாட்டிற்குத் தலையாய காரணம், அசோகன் எழுத்திற்குரிய ஒலிமதிப்பையே இவற்றிற்கும் கொடுத்துப் படித்தமையாகும்.

இவ்விடர்ப்பாட்டை முறைப்படுத்தி விளக்கியவர் ஐராவதம் மகாதேவன். 1960களில் குகைதோறும் சென்று ஆராய்ந்து, 1966 முதல் தம் முடிபுகளை வெளியிட்டு, 2003இல் விரிவான நூலாக்கினார். தமிழ்ப் பிராமியில் மூன்று எழுத்துமுறைகள் உண்டு என்பது அவர்தம் கண்டுபிடிப்பு.

முதல் முறையில், மேற்குறி எதுவும் பெறாத ககர வடிவம் க் என்னும் தனிமெய்யையே குறிக்கும். அகரம் சேர்ந்தால் அதற்கென ஒரு சிறு கோடு இடப்படும். ஆகாரம் சேர்ந்தாலும் அதே கோடுதான். எனவே மகன் என்னும் சொல், அசோகன் முறையில் படிப்போர்க்கு மாகான என்பதுபோல் தோன்றும். மாங்குளத்துக் கல்வெட்டுகள் இம்முறையின. அவை கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சார்ந்தவை என்பது மகாதேவனின் கணிப்பு.

இரண்டாம் முறையில், கோடு ஆகாரத்திற்கு மட்டும் உரியதாயிற்று. குறியற்ற வடிவம் க் என்றும் க என்றும் இருவகையாகப் படிக்குமாறு நின்றது. மகன் என்னும் சொல் மூன்று வடிவங்களால் எழுதப்படும்; அது மகன் எனவும் மகன எனவும் மக்ன எனவும் படிக்க இடந்தரும். இடம் நோக்கியே பொருள் கொள்ளுதல் வேண்டும். முதல் இரண்டு முறைகளும் சிலகாலம் உடன்வழங்கின.

மூன்றாம் முறையில், குறியற்ற வடிவம் அகர உயிர்மெய்க்கு உரியதாக வரையறைப்பட்டு, மெய்யைக் காட்டப் புள்ளி வந்தது. பிந்திய குகைக் கல்வெட்டுகள் சிலவற்றில் புள்ளி இடப்பட்டிருத்தலை மகாதேவன் எடுத்துக்காட்டினார். இது தொல்காப்பியம் கூறும் முறையோடு ஒத்தது.

இம்மூன்றனையும் ஆந்திர நாட்டுப் பட்டிப்புரோலுப் பேழையின் எழுத்தோடு ஒப்பிடின் செய்தி மேலும் விளங்கும். அங்கும் குறியற்ற வடிவம் தனிமெய்யே. ஆனால் அகரத்திற்கு ஒரு கோடும், ஆகாரத்திற்கு அதனின் வேறான குறியும் அமைந்தமையால் மயக்கம் இல்லை. புள்ளி இல்லாமலும் தெளிவாக எழுத இயலும் என்பதற்கு அது சான்று.

இனி நம் வினாவிற்கு வருவாம். மாங்குளத்தில் புள்ளி இல்லை என்பது உண்மை. ஆனால் அங்குப் புள்ளி விடப்படவில்லை; அதற்கு அம்முறையில் இடமே இல்லை. தனிமெய்க்குரிய வடிவம் எக்குறியும் இன்றியே தனிமெய்யைக் காட்டும்போது, மேலும் ஒரு புள்ளி எதற்கு? இதனை வேண்டாமையால் வந்த இன்மை எனலாம். இரண்டாம் முறையில் நிலை வேறு. அங்கு மயக்கம் உண்டு. அதனைத் தீர்க்கும் கருவி கல்லில் இல்லை. இதனைத் தேவை தோன்றியும் கருவி வாராமையால் வந்த இன்மை எனலாம். மூன்றாவதோர் இன்மையும் உண்டு. அது கருவி வந்து, விதியும் நிலைபெற்ற பின்னர், எழுதுவோர் அதனைக் கைவிட்டமையால் நேர்ந்தது. அதனை அடுத்துக் காண்பாம்.

வட்டெழுத்தும் இடைக்காலமும்

பிராமியினின்று வளர்ந்த பழைய வட்டெழுத்தில் புள்ளி நன்கு வழங்கியது. மதுரைக்கு வடகிழக்கே இன்றைய சிவகங்கை மாவட்டத்திலுள்ள பூலாங்குறிச்சியில் 1979இல் அறியவந்த கல்வெட்டு இதற்கு எடுத்துக்காட்டு. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டை ஒட்டியதாகக் கருதப்படும் அக்கல்வெட்டின் காலத்தில், புள்ளியிடுதல் எழுதுவோர் கைவழக்காகவே இருந்தது.

அதன்பின் நிலை மாறுகின்றது. மதுரை ஒத்தக்கடையை அடுத்துள்ள ஆனைமலை இவ்வகையில் நமக்கு வாய்த்த அரிய இடம். அம்மலையின் குகைத்தளத்தில் பிராமிக் கல்வெட்டு உள்ளது. அதே மலையில், பாண்டியன் நெடுஞ்சடையன் காலத்து அமைச்சன் மாறன்காரி குடைவித்த நரசிங்கப்பெருமாள் குடைவரையில், கலியாண்டு 3871, அஃதாவது கி.பி. 770ஐ ஒட்டிய காலத்துக் கல்வெட்டுகள் வட்டெழுத்திலும் கிரந்தத்திலும் பொறிக்கப்பட்டுள்ளன. பல நூற்றாண்டு எழுத்து வளர்ச்சியை ஒரே குன்றில் நின்று காணலாம். பதினோராம் நூற்றாண்டில் சோழர் ஆட்சி மதுரையில் நிலைத்தபின் வட்டெழுத்து மெல்ல நீங்கித் தமிழெழுத்து பரவியது. சோழர் பாண்டியர் காலத்துப் பெருவாரியான கல்வெட்டுகளில் புள்ளி அருகியே காணப்படுகின்றது. நெடிலைக் குறிலினின்று பிரிக்கும் புள்ளியும் அவ்வாறே மறைந்தது.

ஆனால் இலக்கணம் புள்ளியை மறக்கவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் வேண்டப் பவணந்தியார் இயற்றிய நன்னூலும் எகர ஒகர மெய்கட்குப் புள்ளியை விதிக்கின்றது. பதினான்காம் நூற்றாண்டினராகக் கருதப்படும் மதுரை நச்சினார்க்கினியர் தொல்காப்பியப் புள்ளி விதிகளுக்கு உரை வரைகின்றார். மாணவன் விதியைப் பாடமாக ஓதினான், எழுதும்போது விட்டான். ஆசிரியனும் விட்டான். இதுவே மூன்றாம் இன்மை. அறிந்தும் விட்டமையால் வந்த இன்மை.

எனவே, பிற்காலத்தில் புள்ளி விடப்பட்டதைக் காட்டி மாங்குளத்திலும் அவ்வாறே விடப்பட்டது என வாதிடுதல் பொருந்தாது. முதலாம் இன்மையும் மூன்றாம் இன்மையும் தோற்றத்தில் ஒன்றுபோல் காணினும் தன்மையில் எதிரெதிரானவை. அவ்வாறே, கல்லில் புள்ளி தோன்றிய ஆண்டே தொல்காப்பிய விதி தோன்றிய ஆண்டு என்று துணிதலும் பொருந்தாது. இரண்டாம் முறையின் மயக்கத்தை உணர்ந்தோர் ஓலையில் புள்ளியிடத் தொடங்கிய காலத்திற்கும், கல்தச்சன் அதனைக் கல்லில் செதுக்கிய காலத்திற்கும் இடையே எத்துணை ஆண்டுகள் சென்றன என்பதைக் கல் கூறாது. யாம் துணிந்து கூறத்தக்கது இவ்வளவே: புள்ளி விதி, குறியற்ற வடிவம் அகர உயிர்மெய்யைக் குறிக்கத் தொடங்கிய ஓர் எழுத்துமுறையைச் சார்ந்தே பொருள்படும், மாங்குளத்து முறையோடு அது இயையாது. ஒரு விதியின் காலம் நூல் முழுமையின் காலமாகாது என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும்.

ஏடும் செவியும்

அறிந்தும் விட்டமைக்குக் காரணம் யாது? ஓலையில் எழுத்தாணி கொண்டு புள்ளி குத்தின் ஓலை துளைபடும் என்பது பலரும் கூறும் காரணம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இது மட்டுமே காரணமாயின், கருங்கல்லில் புள்ளி மறைந்தமை விளங்காது. ஓலையில் எழுதிய படியைப் பார்த்துக் கல்லில் வெட்டினர் எனின் ஒருவாறு பொருந்தும். எனினும், கொம்பையும் காலையும் சுழியையும் நுணுக்கமாக வரைந்த கைக்குப் புள்ளிக்கு ஈடாக ஒரு சிறு வட்டம் வரைதல் அரிதன்று. வேண்டியிருப்பின் வரைந்திருப்பர். வேண்டாமைக்குக் காரணத்தை எழுதுவோரிடம் அன்றிப் படிப்போரிடம் தேடுதல் வேண்டும்.

ஏட்டில் நேரும் மயக்கம் சிறிதன்று. காலும் ரகரமும் ஒரே வடிவின. கொம்பு எகரத்திற்கும் ஏகாரத்திற்கும் பொது. மெய்க்குப் புள்ளி இல்லை. ஆகவே கொம்பு, ககரம், கால்வடிவம் என்னும் மூன்றும் அடுத்தடுத்து நிற்பின், அத்தொடர் கொ, கோ, கெர, கேர, கெர், கேர் என்னும் ஆறனுள் எதுவாகவும் இருக்கலாம். பகரம், கால்வடிவம், லகரம் என நிற்பது பால் ஆகலாம், பால ஆகலாம், பரல் ஆகலாம். சொற்களுக்கு இடையே இடைவெளியும் இல்லை என்பதை நினைப்பின் மயக்கத்தின் அளவு புலப்படும்.

இத்தனைக்கும் நடுவே படித்தோர் எவ்வாறு படித்தனர்? செவியால் படித்தனர் என்பதே விடை. ஏட்டில் இருந்தவற்றுள் பெரும்பகுதி செய்யுள். செய்யுளுக்கு யாப்பு உண்டு. எரி என்பது நிரையசை. ஏரி என்பது நேரும் நேருமாம். பரல் நிரை, பால் நேர். சீரும் தளையும் அறிந்தவன் தவறான பாடத்தை வாய்விட்டு ஓதும்போதே செவி தடுக்கும். யாப்பு உதவாத இடங்களும் உண்டு. கொட்டி என்பதும் கோட்டி என்பதும் அசையால் ஒன்றே. அங்கு எதுகை உதவும். எதுகையில் முதலெழுத்து அளவொத்து நிற்றல் வேண்டுமாதலின், அடுத்த அடியின் முதலெழுத்துக் குறிலா நெடிலா என்பதே வழிகாட்டும். எதுகையும் உதவாவிடின் ஆசிரியன் உதவுவான். நூலை ஆசிரியன் வாய்க் கேட்டுப் பாடம் செய்தவனுக்கு ஏடு என்பது நினைவூட்டும் கருவி. புதிதாக அறிவிக்கும் கருவி அன்று.

ஆகவே புள்ளியின்றி எழுதிய எழுத்து, மொழியையும் யாப்பையும் முன்னரே அறிந்தோர்க்காக எழுதப்பட்ட எழுத்து. அவ்வட்டம் சிறிதாயிருக்கும்வரை அது குறைபாடாகத் தோன்றவில்லை. ஆசிரிய மாணாக்கர் தொடர்ச்சி அறுந்தபோதுதான் இழப்புப் புலப்பட்டது. சங்க நூல்களை ஏட்டினின்று மீட்ட சி. வை. தாமோதரம் பிள்ளைக்கும் உ. வே. சாமிநாதையர்க்கும் அந்நூல்களைப் பாடம் சொல்லும் ஆசிரியர் கிடைத்திலர். செவியின் துணை இல்லாத இடத்தில், புள்ளியற்ற ஏட்டை உரையும் மேற்கோளும் பிற ஏடுகளும் கொண்டு ஒப்பிட்டே படிக்க வேண்டியிருந்தது. 1887இல் சிந்தாமணியும் 1894இல் புறநானூறும் அச்சேறியமைக்குப் பின்னால், எழுத்துதோறும் இத்தகைய தெரிவுகள் பல நிகழ்ந்துள்ளன. மதுரையில் 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய தமிழ்ச்சங்கம் ஏடுகளைத் தொகுத்தும் செந்தமிழ் இதழ்வழிப் பதிப்பித்தும் ஆற்றிய பணியும் இத்தகையதே.

வீரமாமுனிவரும் அச்சும்

அவ்வட்டத்திற்கு வெளியே இருந்து வந்து தமிழ் கற்றோர்க்குப் புள்ளியின்மை முதல் நாளிலேயே இடராயிற்று. மதுரையில் 1606இல் தொடங்கிய இயேசு சபைப் பணித்தளத்தைச் சார்ந்து பதினெட்டாம் நூற்றாண்டில் பணியாற்றிய வீரமாமுனிவர் அவர்களுள் தலையாயவர். 1680இல் இத்தாலியில் பிறந்து, 1747இல் மறைந்த அவர் தேம்பாவணியும் சதுரகராதியும் தொன்னூல் விளக்கமும் இயற்றியவர்; பேச்சுத்தமிழுக்கும் இலத்தீனில் இலக்கணம் வகுத்தவர்.

அவர்தம் எழுத்துச் சீர்திருத்தத்தில் ஒரு நுட்பம் கருதத்தக்கது. பழைய விதி குறிலுக்குக் குறியிட்டது. அவர் நெடிலுக்குக் குறியிட்டார். ஒற்றைக்கொம்பைச் சுழித்து இரட்டைக்கொம்பாக்கியும், எகரத்தின் கீழ்க் கோடிழுத்தும், ஒகரத்தின் கீழ்ச் சுழித்தும் நெடில்களை வேறுபடுத்தினார் என்பது மரபு. இவ்வாறு மாற்றியமையால் இரு பயன்கள் விளைந்தன. எழுதாமல் விடுதற்கு எளிதான புள்ளி நீங்கி, எழுத்துருவத்தின் உறுப்பாகவே அமைந்து விடுதற்கு அரிதான சுழி வந்தது. புள்ளி என்னும் குறி மெய்யொன்றற்கே உரியதாகி அதன் பொருள் ஒருமைப்பட்டது. குறைவின் பொதுக்குறியாக இருந்த புள்ளி மெய்யின் சிறப்புக்குறியாயிற்று.

ஆயினும் அச்சுக் கருவி வந்தவுடனே புள்ளி வந்துவிடவில்லை. தொடக்க கால அச்சுநூல்கள் ஏட்டின் வழக்கையே பின்பற்றின. பதினெட்டாம் நூற்றாண்டின் அச்சுப் பக்கங்களிலும் மெய் பெரும்பாலும் புள்ளியின்றியே நிற்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் புள்ளி பரவி, பள்ளிப் புத்தகங்களும் உரைநடை நூல்களும் பெருகிய காலத்தில் நிலைபெற்றது. இதில் வியப்பில்லை. உரைநடைக்கு யாப்பு இல்லை, எதுகை இல்லை. அச்சிட்ட புத்தகத்தை வாங்கித் தனியே அமர்ந்து படிப்பவன் அருகே ஆசிரியனும் இல்லை. செவி தந்த உதவியைக் கண்ணே தருதல் வேண்டியதாயிற்று. முன்பு கல்லில் தோன்றிய புள்ளியையும் பின்பு அச்சில் மீண்ட புள்ளியையும் அழைத்தது ஒரே தேவை: எழுதியவனை அறியாத, பொருளை முன்னரே அறியாத, ஒரு படிப்போனின் தேவை.

ஆங்கிலக் குறியொடு ஒப்பு

ஆங்கில அப்பாஸ்ட்ரபி, எழுத்தின் தலையளவில் தூக்கி நிறுத்திய காற்புள்ளி போன்றது. அப்பால் திருப்புதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று அதன் பெயர் வந்தது. பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அச்சு வழக்கைப் பின்பற்றி ஆங்கில அச்சில் அது புகுந்தது. தொடக்கத்தில் அதற்கு ஒரே பொருள்: ஈண்டு ஓர் எழுத்துக் கெட்டது. நம் புள்ளியைப் போலவே அதுவும் குறைவின் குறியாகவே தோன்றியது என்பது நோக்கத்தக்கது.

பழைய ஆங்கிலத்தில் உடைமைப் பொருளைக் காட்டிய உருபின் உயிர் காலப்போக்கில் தேய்ந்தது. அத்தேய்வைக் காட்டக் குறியை இட்டனர். பின்னர், எந்த உயிரும் கெடாத சொற்களிலும் உடைமைப் பொருளுக்கு அடையாளமாகவே அது நின்றது. ஒருமைக்குப் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலும் பன்மைக்குப் பதினெட்டாம் நூற்றாண்டிலும் இவ்வழக்கு உறுதிப்பட்டது. குறைவைக் காட்டிய குறி வேற்றுமையைக் காட்டும் குறியாயிற்று. இட்ஸ் என ஒலிக்கும் சொல் 'அதனுடைய' என்னும் பொருளில் வரும்போது குறியின்றி எழுதுதலே இன்று முறை. ஆயினும் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் அப்பொருளிலும் குறியிட்டு எழுதினர். இன்று பிழை எனப்படுவது அன்று வழக்கு. ஒரு குறிக்கு இரு பணிகளைக் கொடுத்தமையால் எழுதுவோர் இடறுகின்றனர். கெடுதலும் உடைமையும் இல்லாத வெறும் பன்மைக்கும் அக்குறியை இடுகின்றனர். காய்கறிக் கடைப் பலகைகளில் இப்பிழை மலிந்தமையால் ஆங்கிலேயர் அதனைக் காய்கறிக் கடைக்காரர் குறி என்றே எள்ளுவர்.

அமெரிக்காவில் 1890இல் அமைந்த ஊர்ப்பெயர் வாரியம், ஐந்தே பெயர்கள் நீங்கலாக, உடைமைக்குறியை ஊர்ப்பெயர்களில் ஏற்காது விட்டது. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகராட்சி 2009இல் தெருப்பலகைகளில் அதனைக் கைவிட்டது. அக்குறியைக் காத்தற்கென 2001இல் அங்கு ஒரு கழகம் தோன்றி, 2019இல் அதன் நிறுவுநரால் மூடப்பட்டு, பின்னர்ப் பிறரால் மீண்டும் தொடங்கப்பட்டது. ஊர்ப்பெயர் பலகையில் குறி இல்லாவிடினும் ஊரார் இடறார், ஊரை அறிவர். இது நம் மூன்றாம் இன்மையோடு ஒப்பது. அறிந்தோர் வட்டத்துள் குறி உதிரும். வட்டத்திற்கு வெளியே அது தேவைப்படும்.

இரண்டிற்கும் வேற்றுமையும் உண்டு. அப்பாஸ்ட்ரபியின் பணி இரண்டாகப் பிரிந்தமையால் அதன் வழக்கு இன்றும் தடுமாறுகின்றது. புள்ளியின் பணி பலவற்றினின்று ஒன்றாகச் சுருங்கியமையால் அது உறுதிப்பட்டது. இன்று மதுரைத் தெருக்களின் கடைப்பலகைகளில் புள்ளி விடுபட்ட மெய்யைக் காண்டல் அரிது. அங்குக் காணப்படும் பிழை வேறு: புணர்ச்சியில் வரவேண்டிய ஒற்று வாராமையும், வரவேண்டாத இடத்தில் வருதலும் ஆம். தந்த பலகை என்பது ஒருவர் கொடுத்த பலகை. தந்தப் பலகை என்பது யானைக்கொம்பாலான பலகை. ஒற்றொன்றே இவ்வேற்றுமையைச் செய்கின்றது. ஒற்றை விடுவோனினும், பிழைக்கு அஞ்சி எங்கும் ஒற்றை இடுவோனே காய்கறிக் கடைக்காரர் குறியை நமக்கு நினைவூட்டுகின்றான். விதியின் காரணம் மறைந்து அச்சம் மட்டும் எஞ்சும்போது, குறி இல்லாத இடத்திலும் குறி முளைக்கும்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு. தொல்காப்பியம் கூறும் புள்ளி, குறைவைக் காட்டும் பொதுக்குறி. மதுரை வட்டாரச் சான்றுகளில் அதன் இன்மை மூவகைத்து: வேண்டாமையால் வந்தது, கருவி வாராமையால் வந்தது, அறிந்தும் விட்டமையால் வந்தது. இவற்றுள் ஒன்றற்குரிய விளக்கத்தை மற்றொன்றற்கு ஏற்றிக் காலம் கணித்தல் முறையாகாது. புள்ளி கல்லில் தோன்றியதும் ஏட்டில் மறைந்ததும் அச்சில் மீண்டதும் படிப்போர் வட்டம் விரிந்தும் சுருங்கியும் வந்தமையைக் காட்டுகின்றன.

இம்முடிபு பதிப்பாசிரியர்க்கும் ஆய்வு மாணவர்க்கும் ஒரு கடமையை உணர்த்துகின்றது. இடைக்காலக் கல்வெட்டுகளை இன்று அச்சிடுவோர் படிப்போர் எளிமை கருதிப் புள்ளியிட்டே அச்சிடுகின்றனர். ஏட்டுப் பதிப்பும் அத்தகையதே. கணிப்பொறியின் ஒருங்குறியிலும் க் என்பது ககரமும் புள்ளியுமாகிய இரு குறியீடுகளாகவே பதிவாகின்றது. புள்ளியிடாமல் அங்கு மெய் இல்லை. இவையெல்லாம் வேண்டுவனவே. ஆயின், அச்சில் நாம் காணும் புள்ளி கல்வெட்டினன் இட்டதா, பதிப்பித்தவர் இட்டதா என்பது பின்வருவோர்க்குத் தெரிதல் வேண்டும். பதிப்பாசிரியர் இடும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு பாடத்தெரிவு. பால் என்று அவர் கொண்ட இடத்தில் பரல் என்றும் கொள்ள இடமிருந்திருக்கலாம். மூலத்தில் புள்ளி உள்ள இடங்களைத் தனியே சுட்டியும், இல்லாத இடங்களில் மயக்கத்திற்கு இடமான சொற்களை அடிக்குறிப்பில் காட்டியும், மைப்படியையோ ஒளிப்படத்தையோ உடன் வைத்தும் வெளியிடுதல் நன்று. கல்லின்மேல் உள்ள வெறுமையும் ஒரு சான்று. அதனை நாம் நிரப்பிவிட்டு, நிரப்பியதைச் சொல்லாமல் விடின், அச்சான்று நம் கையாலேயே அழிந்ததாகும்.